டோபமினும் முடிவெடுத்தலும்: விலங்குகளிடமிருந்து அறிந்தவை

நடுக்குவாதம் என்னும் பார்க்கின்சன் நோய்க்காக எங்கள் நரம்பியல் புறநோயாளர் பிரிவுக்கு வரும் குடும்பத்தினர், கை நடுக்கத்தையும் நடைத் தளர்ச்சியையும் பற்றித் தயக்கமின்றிப் பேசுகின்றனர். இரண்டு குறைகளை மட்டும் எழுந்து செல்லும் வேளையில், கதவருகே நின்று, குரலைத் தாழ்த்திச் சொல்கின்றனர். ஒன்று இவ்வாறு இருக்கும்: “நடுக்கம் குறைந்துவிட்டது டாக்டர். ஆனால் எதையும் தாமாகத் தொடங்குவதில்லை. நாள் முழுவதும் நாற்காலியிலேயே இருக்கிறார். முன்பெல்லாம் இப்படிச் சோம்பி இருந்தவர் இல்லை.” மற்றது இதற்கு நேர்மாறானது: “மாத்திரையை மாற்றிய பிறகு அவர் கையில் பணம் தங்குவதில்லை. விடிய விடியக் கைபேசியில் ரம்மி ஆடுகிறார். கேட்டால் சினம் வருகிறது.”

இவ்விரண்டையும் குடும்பத்தினர் குணத்தின் கோளாறாகவே எண்ணிவிடுகின்றனர். நோயாளரும் அவ்வாறே எண்ணி வெட்கப்படுகிறார். உண்மையில் இவ்விரண்டுக்கும் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஒரே வேதிப்பொருளின் ஏற்ற இறக்கம்தான். அதன் பெயர் டோபமின். ஒரு செயலைத் தொடங்கலாமா வேண்டாமா, இரண்டில் எதைத் தேர்வது, சென்ற முறை கிடைத்த பயனிலிருந்து என்ன கற்பது என்னும் கணக்குகளில் இப்பொருள் எவ்வாறு பங்கேற்கிறது என்பதை நாம் அறிந்தது முயல், எலி, குரங்கு ஆகிய விலங்குகளின் வழியாகவே. மனித மூளைக்குள் நேரே பார்க்க வழியில்லாத காலத்தில் அவை கற்பித்த பாடம் இன்று நோயாளர் விழுங்கும் மாத்திரையின் நன்மையையும் தீமையையும் விளக்குகிறது.

உறைந்து நின்ற முயல்கள்

இந்த வரலாற்றின் முதற்பொருள் நம் நாட்டு மூலிகை. சர்ப்பகந்தா என்னும் செடியின் வேரை இந்திய மருத்துவ முறைகள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தன. அது இரத்தக்கொதிப்பைத் தணிப்பதைப் பம்பாயைச் சேர்ந்த மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் பிரித்தானிய இதய மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன வேதியியலாளர்கள் அவ்வேரிலிருந்து ரிசர்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அது உலகெங்கும் மருந்தாகப் பரவியது. மருந்து உண்டோரில் சிலருக்கு உடல் இறுகி, நடை தளர்ந்து, முகம் உணர்ச்சியற்றுப் போவதையும் மருத்துவர்கள் கண்டனர்.

சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆர்வித் கார்ல்சன் 1957-இல் இதே ரிசர்பினை முயல்களுக்குச் செலுத்தினார். அவை காதுகள் தொங்க, அசைவின்றி உறைந்தன. பின்பு டோபா என்னும் பொருளை ஊசிவழி செலுத்தினார். சிறிது நேரத்திலேயே முயல்கள் கண் திறந்து, காதை நிமிர்த்தி, நடமாடின. டோபா மூளைக்குள் சென்று டோபமினாக மாறுகிறது. அதுவரை டோபமினை நோரட்ரினலின் என்னும் மற்றொரு பொருள் உருவாகும் வழியில் வரும் இடைப்பொருள் என்றே அறிஞர்கள் கருதியிருந்தனர். அதற்கென ஒரு பணி உண்டு என்பதை அம்முயல்கள் காட்டின. மூத்த மருந்தியலாளர் பலர் தொடக்கத்தில் இதை ஏற்கவில்லை. கார்ல்சனுக்கு நோபெல் பரிசு கிடைத்தது 2000-ஆம் ஆண்டில்தான்.

அடுத்த படிகள் விரைவாக நடந்தேறின. 1960-இல் வியன்னாவில் எரிங்கர், ஹோர்னிகீவிச் ஆகிய இருவரும் நடுக்குவாதத்தால் இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து, ஸ்ட்ரையேட்டம் எனப்படும் வரிப்பகுதியில் டோபமின் மிகவும் குன்றியிருப்பதைக் கண்டனர். டோபமினை நேரே கொடுத்தால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை; டோபா நுழையும். 1967-இல் ஜார்ஜ் கோட்சியாஸ் அதைச் சிறிது சிறிதாகக் கூட்டி வாய்வழியே கொடுத்து நல்ல பயன் கண்டார். இன்று நீங்கள் வாங்கும் லெவோடோபா மாத்திரையின் பிறப்பு அதுவே.

இவ்விடத்தில் ஒரு சிறு எச்சரிக்கை. பூனைக்காலி விதையிலும் லெவோடோபா இயற்கையாகவே உள்ளது. அதன் பொடியைச் சிலர் எங்களிடம் சொல்லாமலே மாத்திரையோடு சேர்த்து உண்கின்றனர். மூலிகை என்பதால் தீங்கில்லை என்று கருத வேண்டாம்; அது மாத்திரையில் உள்ள அதே மருந்து. ஒவ்வொரு கரண்டியிலும் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது. உண்பதாக இருந்தால் தவறாமல் எங்களிடம் சொல்லுங்கள்.

இன்பமா, முனைப்பா?

நாளிதழ்களும் காணொளிகளும் டோபமினை ‘மகிழ்ச்சி தரும் வேதிப்பொருள்’ என்றே அழைக்கின்றன. இப்பெயருக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1954-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் ஆகியோர் எலிகளின் மூளையில் மெல்லிய கம்பியைப் பதித்தனர். எலி ஒரு நெம்பை அழுத்தினால் அக்கம்பி வழியே சிறிதளவு மின்சாரம் பாயும். குறிப்பிட்ட சில இடங்களில் கம்பி பதிக்கப்பட்ட எலிகள் மணிக்கு ஆயிரக்கணக்கான முறை அந்நெம்பை அழுத்தின. மூளையில் ‘இன்ப மையம்’ கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று உலகம் பேசியது. பிற்காலத்தில் அந்த நரம்புப் பாதைகளில் டோபமினுக்குப் பெரும்பங்கு இருப்பது தெரியவந்தபோது, டோபமின்தான் இன்பம் என்னும் முடிவு எளிதில் வேரூன்றியது.

இம்முடிவு சரியன்று என்பதை வேறு எலிகள் காட்டின. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் எலிகளின் முகத்தைக் கூர்ந்து கவனித்தார். நாவில் சர்க்கரை நீர் பட்டால் எலி தன் உதட்டை நக்கும். கசப்புப் பட்டால் வாயைப் பிளந்து தலையை உதறும். கைக்குழந்தையின் முகத்திலும் இதே வேறுபாட்டைக் காணலாம். மூளையில் டோபமின் ஏறக்குறைய முழுமையாக அழிக்கப்பட்ட எலிகள் தாமாக உணவைத் தேடிச் செல்லவில்லை. குழாய் வழியே ஊட்டியே அவற்றை உயிரோடு வைத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் நாவில் சர்க்கரை நீரை வைத்தவுடன், மற்ற எலிகளைப் போலவே அவையும் சுவைத்து உதட்டை நக்கின. விருப்பமான பொருளின் சுவை மாறவில்லை. அதை நாடிச் செல்லும் முனைப்பே மறைந்திருந்தது. டோபமினை உருவாக்க இயலாதவாறு மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளிலும் இதையே கண்டனர். கிண்ணம் நிறைய உணவு அருகிலிருந்தும் அவை உண்ணாமல் மெலிந்தன. லெவோடோபா செலுத்திய வேளையில் எழுந்து உண்டன.

பேரன் வந்தால் மகிழ்கிறார், தொலைக்காட்சியில் பழைய பாடலைக் கேட்டால் புன்னகைக்கிறார், ஆனால் தாமாக எழுந்து வாசலுக்கு வருவதில்லை என்று சொல்லும் குடும்பத்தினர் இந்தச் சோதனையை மனத்தில் கொள்ள வேண்டுகிறோம். ‘மனம் வைத்தால் முடியும்’ என்று அவரிடம் சொல்வது, அந்த எலியிடம் சொல்வதைப் போன்றது.

தடுப்பு ஏறாத எலி

எங்கள் அனுபவத்தில் குடும்பத்தினருக்கு மிகவும் பயன்பட்ட சோதனை மற்றொன்று. அமெரிக்காவின் ஜான் சலமோன் குழுவினர் 1990-களில் இதைச் செய்தனர். T வடிவில் அமைந்த ஒரு பாதையின் இரு கிளைகளிலும் உணவு வைக்கப்பட்டது. ஒரு கிளையில் உணவு மிகுதி. ஆனால் அதை அடைய ஒரு கம்பித் தடுப்பின்மீது ஏறி இறங்க வேண்டும். மற்றக் கிளையில் உணவு குறைவு. தடுப்பு ஏதும் இல்லை. நலமான எலிகள் பெரும்பாலும் தடுப்பேறிச் சென்று மிகுதியான உணவையே தேர்ந்தன. அக்கம்பென்ஸ் என்னும் சிறு பகுதியில் மட்டும் டோபமின் குறைக்கப்பட்ட எலிகளோ தடுப்பில்லாத பக்கம் திரும்பிக் குறைந்த உணவோடு அமைந்துகொண்டன.

ஏற வலுவில்லாமல் அவ்வாறு செய்தனவா? அவ்வாறு ஐயுறுவது இயல்பே. ஆகவே ஆய்வாளர்கள் மேலும் இரு சோதனைகளைச் செய்தனர். தடுப்பை எடுத்துவிட்டபோது அதே எலிகள் மிகுதியான உணவுள்ள பக்கத்தையே தேர்ந்தன. அப்படியானால் எது மிகுதி, எது குறைவு என்பது அவற்றுக்குத் தெரிந்தே இருந்தது. எளிய பக்கத்தில் உணவே வைக்காதபோது அவை தடுப்பேறிச் சென்றன. ஆகவே கால்களிலும் வலு இருந்தது. மாறியது ஒன்றே. ‘இந்தப் பயனுக்கு இந்த முயற்சி தகும்’ என்று சொல்லும் தராசு சாய்ந்திருந்தது. டோபமின் குறைந்த மூளைக்குத் தடுப்பு உயர்ந்து தெரிகிறது.

நடுக்குவாத நோயாளரின் ஊக்கமின்மையில் ஒரு பகுதியேனும் இத்தகையது என்று நாங்கள் கருதுகிறோம். முழுவதும் இதுவே என்று சொல்ல மாட்டோம். மனச்சோர்வு, உறக்கக் குறைவு, நினைவுத் திறன் குறைதல், தைராய்டு சுரப்புக் குறைபாடு ஆகியவையும் ஒருவரை நாற்காலியில் அமர்த்திவிடும்; அவற்றுக்குத் தனித்தனி மருத்துவம் உண்டு. அதனால்தான் ‘வயதாகிவிட்டது, அப்படித்தான் இருப்பார்’ என்று விட்டுவிடாமல் எங்களிடம் சொல்லச் சொல்கிறோம்.

வீட்டில் செய்யக்கூடியது, தடுப்பின் உயரத்தைக் குறைப்பது. ‘நடைப்பயிற்சிக்குப் போங்கள்’ என்பது பெரிய தடுப்பு. செருப்பை அவர் காலருகே வைத்துவிட்டு, ‘வாசல் வரை வாருங்கள்’ என்று கை நீட்டுவது சிறிய தடுப்பு. வாசலுக்கு வந்தவர் தெருமுனை வரை நடந்துவிடுவதைப் பலமுறை கேள்விப்பட்டிருக்கிறோம். நாள்தோறும் ஒரே வேளையில், ஒரே ஆள் அழைப்பது உதவுகிறது. எதைச் செய்யலாம் என்று அவரையே கேட்டு ஐந்தாறு வழிகளை முன்வைத்தால் அவர் எதையும் தேர்வதில்லை. இரண்டை மட்டும் முன்வைத்தால் ஒன்றைத் தேர்கிறார். கடிந்துகொள்வது தடுப்பை இன்னும் உயர்த்துகிறது என்பதே எங்கள் கணிப்பு.

விளக்கும் பழச்சாறும்

முனைப்பு ஒரு பாதி என்றால், கற்றல் மறுபாதி. இங்குதான் குரங்குகள் வருகின்றன.

நடுமூளையில் டோபமினைச் சுரக்கும் நரம்பணுக்கள் மனிதரில் சில லட்சம் மட்டுமே. மூளையில் உள்ள ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய கூட்டம். ஆனால் ஒவ்வொன்றும் எண்ணற்ற கிளைகளாகப் பிரிந்து பரவுகிறது. எலியின் ஒற்றை டோபமின் நரம்பணுவின் கிளைகளையெல்லாம் சேர்த்து நீட்டினால் சராசரியாக அரை மீட்டர் அளவுக்கு வரும். ஆகவே இச்சிறு கூட்டம் சொல்லும் செய்தி மூளையின் பெரும்பரப்புக்கு ஒரே வேளையில் சென்று சேர்கிறது, கோயில் மணியோசை ஊர் முழுவதும் கேட்பதைப் போல.

சுவிட்சர்லாந்தின் ஃப்ரீபூர் பல்கலைக்கழகத்தில் வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ், குரங்குகளின் இந்நரம்பணுக்கள் எப்போது துடிக்கின்றன என்று பல ஆண்டுகள் பதிவு செய்தார். சாதாரண வேளையில் அவை வினாடிக்குச் சில முறை நிதானமாகத் துடிக்கும். எதிர்பாராத வேளையில் குரங்கின் வாயில் ஒரு துளி பழச்சாறு விழுந்ததும் படபடவெனத் துடித்தன. இதுவரை வியப்பில்லை. பின்பு ஒவ்வொரு முறையும் சாறு வருமுன் ஒரு விளக்கு ஒளிர்ந்தது. சில நாள்களில் குரங்கு அதைக் கற்றுக்கொண்டது. அதன்பின் விளக்கு ஒளிர்ந்தபோது நரம்பணுக்கள் படபடத்தன. சாறு வந்தபோது வழக்கமான நிதானத்திலேயே இருந்தன. சாறு அதே சாறுதான். இன்பத்தின் அளவு குறையவில்லை. ஆயினும் டோபமின் அதைப் பொருட்படுத்தவில்லை, ஏனெனில் அது வரும் என்று ஏற்கெனவே தெரிந்திருந்தது. மூன்றாவதாக, விளக்கை ஒளிரச் செய்துவிட்டுச் சாற்றைத் தரவில்லை. சாறு வந்திருக்க வேண்டிய அந்தக் கணத்தில் துடிப்பு சட்டென்று அடங்கியது. வராத ஒன்றுக்கு, வரவேண்டிய வேளையில், மூளை பதிலளித்தது.

ஷூல்ட்ஸ், பீட்டர் டயன், ரீட் மான்டேகியூ ஆகிய மூவரும் 1997-இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு விளக்கம் தந்தனர். டோபமின் துடிப்பு சொல்லும் செய்தி, கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வேறுபாடு. எதிர்பார்த்ததைவிட மிகுதியாகக் கிடைத்தால் துடிப்பு கூடும், எதிர்பார்த்தபடியே கிடைத்தால் மாறாது, குறைந்தால் தாழும். இதை எதிர்பார்ப்புப் பிழை என்பர். இந்தக் கணக்கின் வாய்பாடு கணினியைக் கற்கச் செய்ய முயன்ற ரிச்சர்ட் சட்டன், ஆண்ட்ரூ பார்ட்டோ ஆகியோரிடமிருந்து வந்தது என்பது சுவையான செய்தி. கணினிக்காக எழுதிய விதியைக் குரங்கின் மூளை முன்னரே கைக்கொண்டிருந்தது.

நம் வீட்டு முற்றத்திலும் இத்தகைய கற்றலைக் காணலாம். காலையில் ‘கா கா’ என்று அழைத்துச் சோறு வைக்கும் வீட்டில், முதல் சில நாள்கள் காக்கை தற்செயலாகச் சோற்றைக் காண்கிறது. பின்பு குரல் கேட்டவுடன் மதிலுக்கு வருகிறது. அதன்பின் கதவுத் தாழ்ப்பாளின் ஓசைக்கே வந்துவிடுகிறது. பயனுக்குரிய மதிப்பு, பயனிலிருந்து அதற்கு முந்திய குறிப்புக்கும், அக்குறிப்பிலிருந்து அதற்கும் முந்திய குறிப்புக்கும் நகர்கிறது. நாம் எதையும் கற்பது பெரிதும் இவ்வாறே.

எல்லா உயிர்களும் இதற்கு டோபமினையே நம்பியிருக்கவில்லை. தேனீயின் மூளையில், பூவின் மணத்தையும் தேனின் இனிப்பையும் இணைத்துக் கற்பதற்கு ஆக்டோபமின் என்னும் உறவுப்பொருளைப் பயன்படுத்தும் ஒற்றை நரம்பணுவை, பெர்லினில் மார்ட்டின் ஹாமர் 1993-இல் விவரித்தார். அந்த ஒரு நரம்பணுவைத் தூண்டினாலே, இனிப்பு நாவில் படாமலே, தேனீ அம்மணத்தைக் கற்றுக்கொண்டது. காத்திருப்பதற்கும் ஒரு வேதிப்பொருள் துணைநிற்கிறது. ஜப்பானின் ஒகினாவாவில் 2014-இல் வெளியான ஆய்வில், செரட்டோனின் நரம்பணுக்களை ஒளியால் தூண்டப்பெற்ற சுண்டெலிகள் உணவுக்காக நீண்ட நேரம் பொறுமையோடு காத்திருந்தன. முடிவெடுத்தல் பல வேதிப்பொருள்களின் கூட்டுப்பணி; டோபமின் அதில் ஓர் உறுப்பினர்.

ஆக்சிலரேட்டரும் பிரேக்கும்

டோபமினின் செய்தியை முதன்மையாகப் பெறுவது மேலே குறிப்பிட்ட வரிப்பகுதி. அங்கு இருவகை நரம்பணுக்கள் உள்ளன. ஒருவகை ‘செய்’ என்று தூண்டும். மற்றொருவகை ‘வேண்டாம்’ என்று நிறுத்தும். வண்டியின் ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் போல என்று கொள்ளலாம். டோபமின் ஏறும்போது முதல்வகை வலுப்பெறுகிறது. அக்கணத்தில் செய்த செயல் ‘மீண்டும் செய்யத்தக்கது’ என்று பதிகிறது. டோபமின் தாழும்போது இரண்டாம் வகை விழிக்கிறது. அச்செயல் ‘இனித் தவிர்க்கத்தக்கது’ என்று பதிகிறது. பரிசிலிருந்து கற்க ஏற்றமும், இழப்பிலிருந்து கற்கத் தாழ்வும் வேண்டும். சூடான பாத்திரத்தில் கைவைத்தவர் மறுமுறை துணியைத் தேடுவதற்கு இந்தத் தாழ்வும் ஒரு காரணம்.

இதை மனிதரில் சோதித்தவர் அமெரிக்காவின் மைக்கேல் ஃபிராங்க். 2004-இல் அவர் குழுவினர் நடுக்குவாத நோயாளருக்கு ஜப்பானிய எழுத்துகளை இரண்டிரண்டாகக் காட்டி ஒன்றைத் தேரச் செய்தனர். அவ்வெழுத்துகளை அவர்கள் அறியாதவர்கள் என்பதால் முன்னறிவு உதவாது. ‘சரி’, ‘தவறு’ என்னும் பதில்களைக்கொண்டே எந்த எழுத்து நல்லது என்று கற்க வேண்டும். மாத்திரை உண்ணாத நிலையில் அவர்கள் தவறான எழுத்தைத் தவிர்க்க நன்கு கற்றனர். சரியானதைத் தேர்வதில் பின்தங்கினர். மாத்திரை உண்ட நிலையில் இது தலைகீழானது. பரிசிலிருந்து நன்கு கற்றனர். இழப்பிலிருந்து கற்பது மங்கியது. மாத்திரை டோபமினை உயர்த்தியே வைத்திருப்பதால், இழப்பின்போது நேர வேண்டிய அந்தத் தாழ்வு முழுமையாக நேர்வதில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம்.

மாத்திரையும் சூதாட்டமும்

இனி, கதவருகே சொல்லப்படும் இரண்டாவது குறைக்கு வருவோம். பிராமிபெக்சோல், ரோபினிரோல் ஆகிய மருந்துகள் டோபமினாக மாறுவதில்லை. டோபமின் சென்று பொருந்தும் இடங்களில் தாமே நேரே பொருந்தி அதன் வேலையைச் செய்கின்றன. உடல் இறுக்கத்துக்கும் நடுக்கத்துக்கும் அவை நல்ல மருந்துகள். பலருக்கும் பல ஆண்டுகள் தீங்கின்றி உதவுகின்றன. ஆனால் குரங்கின் நரம்பணுக்களைப் போலக் கணத்துக்குக் கணம் ஏறி இறங்க அவற்றால் இயலாது. அவை நாள் முழுவதும் ஒரே குரலில் ‘நன்று, நன்று’ என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன. பத்து ஆட்டத்தில் எட்டில் தோற்றவரின் மூளையிலும் அந்த எட்டுத் தோல்விகள் ஆழமாகப் பதிவதில்லை. இரண்டு வெற்றிகள் பதிகின்றன.

சூதாட்டம் ஏன் பிடித்துக்கொள்கிறது என்பதற்கும் குரங்குகளிடம் ஒரு குறிப்பு உண்டு. சாறு வருமா வராதா என்பது சரிபாதி ஐயமாக இருந்தபோது, காத்திருக்கும் இடைவெளியிலேயே டோபமின் நரம்பணுக்களின் துடிப்பு படிப்படியாக ஏறுவதை ஷூல்ட்ஸ் குழுவினர் 2003-இல் பதிவு செய்தனர். உறுதியாக வரும் பரிசுக்கும், உறுதியாக வராத பரிசுக்கும் இந்த ஏற்றம் இல்லை. சீட்டு விரியும்வரை உள்ள அந்தச் சில நொடிகளே ஆட்டத்தின் பிடி. குரங்குக்குக் கைபேசி இல்லை, நகைக் கடனும் இல்லை என்பதால் இந்த ஒப்புமையை அளவோடு கொள்ள வேண்டும். ஆயினும் புறநோயாளர் பிரிவில் நாங்கள் காண்பதோடு அது ஒத்துப்போகிறது.

இது அரிதாக நேர்வதன்று. அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் 3,090 நோயாளரிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், சூதாட்டம், அடங்காத பொருள்வாங்கல், மிகையுண்ணல், மிகையான பாலுணர்வு ஆகிய நான்கில் ஒன்றேனும் 13.6 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. இவ்வகை மாத்திரைகளை உண்டோரில் அது 17.1 விழுக்காடு, உண்ணாதோரில் 6.9 விழுக்காடு. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். வாழ்நாள் முழுதும் கணக்கு எழுதி வாழ்ந்தவர்களும், சீட்டுக்கட்டைத் தொடாதவர்களும் இதில் அடங்குவர்.

சூதாட்டம் ஒன்றையே எதிர்பார்க்க வேண்டாம். நள்ளிரவில் எழுந்து இனிப்பைத் தேடி உண்பது, தேவையற்ற பொருள்களை வரவழைத்துக் கட்டுகளைப் பிரிக்காமலே குவிப்பது, துணைவியாரை வயதுக்கும் இயல்புக்கும் மாறாக வற்புறுத்துவது, வானொலியையோ கடிகாரத்தையோ பிரித்துப் பூட்டி மீண்டும் பிரித்து மணிக்கணக்கில் அமர்ந்திருப்பது, சொன்ன அளவுக்கு மேல் மாத்திரையைத் தாமே கூட்டிக்கொள்வது ஆகிய யாவும் இதே வரிசையில் வருபவை. மாத்திரை தொடங்கியவுடன் தோன்ற வேண்டும் என்பதும் இல்லை. மாதங்கள் கழித்தும், சிலருக்கு ஆண்டுகள் கழித்தும் தோன்றலாம். இதே மருந்துகளைக் கால் குடைச்சலுக்காகச் சிறிய அளவில் உண்போருக்கும் இது நேரக்கூடும்.

இவற்றில் ஒன்றைக் கண்டால், மாத்திரையை வீட்டிலேயே நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் உடல் மீண்டும் இறுகுவதோடு, பதற்றம், வியர்வை, தாங்கொணாத மனச்சோர்வு ஆகியவை தோன்றலாம். படிப்படியாகக் குறைப்பதும், தேவையானால் லெவோடோபாவின் அளவைச் சீர்செய்வதும் எங்கள் பொறுப்பு. மருந்தைக் குறைத்தபின் பெரும்பாலோரிடம் இவ்வழக்கங்கள் தணிகின்றன. சிலருக்கு மனநல மருத்துவரின் துணையும் தேவைப்படுகிறது. அதுவரை வங்கி அட்டையையும் நகைப் பெட்டியின் சாவியையும் குடும்பத்தில் ஒருவர் பொறுப்பில் வைப்பது நன்று. அதை அவரிடம் மறைத்துச் செய்யாமல், ‘மருந்து செய்யும் வேலை இது, மருத்துவர் சரிசெய்யும்வரை இப்படி இருக்கட்டும்’ என்று சொல்லியே செய்யுங்கள். அவ்வாறு கேட்டபோது நிம்மதியடைந்த நோயாளர்களே மிகுதி. தம் புத்தி கெட்டுவிட்டதோ என்று அவர்கள் தனிமையில் அஞ்சியிருந்தனர்.

அடுத்த முறை வரும்போது, இப்போது உண்ணும் எல்லா மாத்திரைகளையும், மூலிகைப் பொடி இருந்தால் அதையும், அட்டையோடும் புட்டியோடும் எடுத்து வாருங்கள். மாத்திரை மாறிய தேதியையும், பழக்கம் மாறத் தொடங்கிய மாதத்தையும் நினைவுபடுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே எங்களுக்குப் பெரும்பாலும் போதுமான தடயம். அவர் முன்னிலையில் சொல்லத் தயக்கமாக இருந்தால், ஒரு தாளில் எழுதி, எடை பார்க்கும் இடத்தில் உள்ள செவிலியரிடம் கொடுத்துவிடுங்கள். நோயாளர் அறைக்குள் வருமுன் அது எங்கள் மேசைக்கு வந்துவிடும்.